நர்சிங் மாணவரின் குடியும் மாத்திரையும்: டர்பனில் கூட இருப்பவர்கள் செய்ய வேண்டியது

பகல் டியூட்டி காலை 7 மணிக்கு. சனிக்கிழமை இரவு பிராயில் (இறைச்சி சுட்டுச் சாப்பிடும் விருந்தில்) குடித்தது ஞாயிற்றுக்கிழமை காலை வார்டுக்குள் வந்து நிற்குமா என்பதைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும்.

5 சதவீத பீர் 750 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 30 கிராம் ஆல்கஹால் இருக்கும். 13 சதவீத ஒயின் ஒரு பாட்டில் முழுக்க என்றால் 77 கிராம். 43 சதவீத பிராந்தி 200 மில்லியில் 68 கிராம். கல்லீரல் மணிக்கு 7 கிராம் கரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் கூடும், குறையும். இரண்டு பெரிய பீர் 60 கிராம், அது இறங்க எட்டரை மணி நேரம் வேண்டும். நள்ளிரவில் கடைசி மடக்கு குடித்தவர் காலை எட்டரைக்குத்தான் தெளிவார். கறுப்புக் காப்பி, பச்சைத்தண்ணீர்க் குளியல், வாந்தி எதுவும் அந்த நேரத்தைக் குறைக்காது.

தென்னாப்பிரிக்காவில் கார் ஓட்டுவதற்கான வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹால். அதை வார்டுக்குப் பொருத்திப் பார்ப்பது பெரிய தப்பு. தொழிலிடப் பாதுகாப்பு விதிகளின்படி, போதையில் இருப்பதுபோல் தெரிகிறவரைக்கூட வேலையிடத்துக்குள் விடக்கூடாது. எண் எவ்வளவு என்ற பேச்சே அங்கே எழாது. கஞ்சா விஷயத்திலும் இதே குழப்பம்தான். 2018-இல் அரசியல் சாசன நீதிமன்றம், வயது வந்தவர் தனியிடத்தில் பயன்படுத்துவது குற்றமல்ல என்றது. ஆனால் தினம் புகைப்பவரின் சிறுநீரில் அது வாரக்கணக்கில் தங்கும். "வீட்டில்தானே புகைத்தேன்" என்று வார்டில் சொல்லித் தப்ப முடியாது.

பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று அறிய மூன்று கேள்விகள் போதும்: எவ்வளவு அடிக்கடி குடிக்கிறாய், குடிக்கும் நாளில் எத்தனை கிளாஸ், ஒரே தடவையில் ஆறோ அதற்கு மேலோ எத்தனை முறை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மூன்றையும் கூட்டிப் பெண்ணுக்கு 3, ஆணுக்கு 4 வந்தாலே மேற்கொண்டு பேச வேண்டும். பெயர் எழுதிய தாளில் கேட்டால் உண்மை வராது. தாளை அவரிடமே கொடுத்துத் தனியாக எழுதவிடுங்கள்.

மாத்திரைகளுக்கு வேறு கண் வேண்டும். இரவு டியூட்டி முடிந்து தூங்க ஒன்று, பரீட்சைக்கு முன் விழித்திருக்க மெத்தில்ஃபெனிடேட், இருமல் மருந்திலிருந்து கோடீன் என்றுதான் தொடங்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் 'சுகர்ஸ்' என்று விற்கும் மட்டரக ஹெராயின் கலவையை எல்லாரும் பயத்தோடு பேசுவார்கள். வார்டிலோ அலமாரி மருந்துதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை: மார்ஃபின் கொடுத்ததாகச் சார்ட்டில் இருந்தும் நோயாளி வலியில் முனகுவது, ஒரே ஆளின் ஷிஃப்டில் ஆம்ப்யூல் (ஊசி மருந்துக் குப்பி) திரும்பத் திரும்ப "உடைவது", மீதி மருந்தைக் கொட்டியதற்குச் சாட்சியின் இரண்டாவது கையெழுத்து பிறகு வாங்கப்படுவது, வெயிலிலும் முழுக்கைச் சட்டை, ஊசிமுனை போல் சுருங்கிய கண்மணி. ஒன்றிரண்டு தற்செயலாகவும் நடக்கும். ஒரே ஆளிடம் மூன்று நான்கு சேர்ந்தால் பொறுப்பு சிஸ்டரிடம் சொல்லுங்கள். ஆறாம் அட்டவணை மருந்து (மார்ஃபின் போன்ற கடும் கட்டுப்பாட்டில் உள்ளவை) அலமாரியின் சாவி மாணவர் கையில் ஒருபோதும் இருக்கக்கூடாது. கண்ணால் பார்க்காத கொட்டலுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கணக்கு உதைக்கும்போது போட்டவரும் சேர்ந்து மாட்டுவார்.

பேசும்போது பெரும்பாலும் கெட்டுப்போவது தொடக்கத்தில்தான். "நீ குடிகாரி" என்றால் கதவு சாத்திக்கொள்ளும். நாள், நேரம், கண்ட காட்சி, இவை மட்டும் போதும்: "தங்கச்சி, செவ்வாய்க்கிழமை ஏழேகாலுக்கு வந்தே. கை நடுங்கிச்சு. பி.பி. ரெண்டு பேருக்கு மாத்தி எழுதியிருந்தே. இன்னைக்கு வீட்டுக்குப் போ, நாளைக்கு மூணு மணிக்கு நாம ரெண்டு பேரும் மாணவர் நலப் பிரிவுக்குப் போகலாம்." டியூட்டி முடிகிற நேரத்தில், தனியாகச் சொல்லுங்கள். போதையில் இருப்பவரிடம் பேசிப் பயனில்லை. அப்போது நோயாளியிடமிருந்து விலக்குவதும், காரோட்ட விடாமல் வீடு சேர்ப்பதும் மட்டுமே வேலை. கண்டதை அன்றே எழுதிவையுங்கள். உங்கள் ஊகத்தை எழுத வேண்டாம்.

வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. நம் வீடுகளில் புரட்டாசி வந்தாலும் காவடி விரதம் வந்தாலும் இறைச்சியோடு குடியையும் ஒரே நாளில் நிறுத்துவார்கள். எப்போதாவது குடிப்பவருக்கு அது நல்லதே. தினமும் நிறையக் குடிப்பவருக்கு, கடைசிக் கிளாஸ் முடிந்து 6 முதல் 24 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு 48 மணி நேரத்துக்குள் வரலாம். இரண்டாம் நாள் தொடங்கி ஐந்தாம் நாள் வரை புத்தி பேதலித்து, இல்லாததைக் காணும் நிலையும் வரலாம். அது உயிரை வாங்கக்கூடியது. "விரதம் இருந்தால் சரியாகிவிடும்" என்று ஆயா சொன்னாலும், முதலில் மருத்துவரிடம் காட்டி, மருந்தோடு படிப்படியாக இறக்கிய பிறகே விரதம். குடியில் நொந்த உடம்புக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்கிறார்களா என்று கேட்க மறக்காதீர்கள். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை நாள்பட எடுத்தவருக்கும் இதே எச்சரிக்கைதான்.

மயங்கிக் கிடந்து, மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் 10177 அல்லது செல்ஃபோனிலிருந்து 112. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஹெராயின், மார்ஃபின் போன்ற ஓப்பியாய்டு மருந்துகளை முறிக்கும் நலாக்சோன் கொடுத்துக் கண் விழித்தாலும் தனியே விடாதீர்கள். அதன் வேலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்து, ஓப்பியாய்டு மறுபடி அமுக்கும்.

உதவி கேட்க 0800 12 13 14, இலவசம், இரவும் பகலும். குடி, போதைப் பழக்கத்துக்கு உதவும் சான்கா அமைப்பின் கிளைகளிலும் சிகிச்சை உண்டு. மாணவரும் நர்சிங் கவுன்சிலில் பதிவானவரே என்பதால் "பதிவு போய்விடும்" என்று வீடே மறைத்துவைக்கும். 2005-ஆம் ஆண்டு 33-ஆம் எண் நர்சிங் சட்டம், உடல்நலக் குறைவால் தகுதி பாதிக்கப்பட்டவரை ஒழுங்குக் குற்றத்திலிருந்து தனியாகப் பார்க்கிறது. அதனால் தானே முன்வந்து சிகிச்சைக்குப் போவது நல்லது. மருந்தைத் திருடிய பிறகு பிடிபட்டால் விஷயம் போலீஸ் வரை போகும்.

திரும்பி வரும்போது நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள்: கொஞ்ச காலம் இரவு டியூட்டி கிடையாது, ஆறாம் அட்டவணை மருந்துப் பக்கம் வேலை கிடையாது, யாரிடம் எப்போது பரிசோதனை. கோடீன் கலந்த தலைவலி மாத்திரை, ஆல்கஹால் உள்ள வாய்க்கொப்பளிப்பு ஆகியவற்றை அந்தக் காலத்தில் தொட வேண்டாம். மருத்துவர் எழுதியே ஆக வேண்டும் என்றால், பரிசோதனைக்கு முன்பே மருந்துச் சீட்டின் நகலைக் கொடுத்துவிடுங்கள்.