கொள்ளை வழக்கில் எதிரி பதில் சொல்லத்தான் வேண்டுமா? ஒரு கொப்பியில் போட்டுப் பார்ப்போம்

வழக்குத் தொடுநர் தன் கடைசிச் சாட்சியையும் விசாரித்து முடித்த அன்று, நுவரெலியா மேல் நீதிமன்றத்துக்கு வெளியே நிற்கும் தோட்டத்துச் சொந்தங்கள் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: "இனி நம்ம பிள்ளை என்ன சொல்லணுங்க, சேர்?"

அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், ஏதாவது சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டதா? 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 200ஆம் பிரிவு இதைப் பற்றியது. யூரி (பொதுமக்களிலிருந்து தெரிவு செய்யப்படும் நடுவர் குழு) இல்லாத வழக்கில், வந்த சாட்சியத்தை நீதிபதி முழுவதுமாக நம்ப மறுத்தாலோ, அது குற்றத்தைக் காட்டவில்லை என்று கருதினாலோ, அந்த இடத்திலேயே விடுதலை. வழக்கைத் தொடர ஆதாரம் உண்டு என்று கண்டால்தான் எதிரியிடம் எதிர்வாதம் கேட்பார்.

நீங்களே கணித்துப் பார்க்க ஒரு கொப்பியும் பேனையும் போதும். உதாரணத்துக்கு ஒரு கற்பனை வழக்கு: பொகவந்தலாவைப் பக்கம், மாலை ஆறரை மணி, நல்ல பனிமூட்டம். கடையிலிருந்து லயத்துக்குத் திரும்பிய ஓர் அம்மாவைத் தள்ளிவிட்டு ஒருவன் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிறான்.

படி 1: மூன்று கோடு போடுங்கள்

தண்டனைச் சட்டக்கோவையின் 379ஆம் பிரிவுப்படி களவோடு வன்முறையோ, உடனே அடிபடுவோம் என்ற பயமோ சேர்ந்தால்தான் கொள்ளை. ஆகவே முதல் வரியில் "களவு", இரண்டாவதில் "வன்முறை", மூன்றாவதில் "செய்தது இவன்தானா" என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே, எந்தச் சாட்சி என்ன சொன்னார் என்று குறியுங்கள். பொலிசில் கொடுத்த வாக்குமூலத்தை எழுத வேண்டாம், கூண்டில் நின்று சொன்னதை மட்டும் எழுதுங்கள்.

படி 2: வன்முறை எதற்காக?

தள்ளியது சங்கிலியை எடுக்கவோ, எடுத்ததைக் கொண்டு ஓடவோ என்றிருக்க வேண்டும். சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு ஓடியவன், துரத்தியவர்மேல் கல்லெறிந்தால் அது வேறு குற்றம், கொள்ளை ஆகாது.

இந்த வரி காலியாக இருந்தால் விடுதலை என்று நினைத்துவிடாதீர்கள். அதே குற்றப்பத்திரத்தில் தண்டிக்கக்கூடிய வேறு குற்றம் தெரிந்தாலும் எதிர்வாதம் கேட்கலாம் என்று 200ஆம் பிரிவே சொல்கிறது. வன்முறை போனாலும் களவு மிஞ்சி நிற்கும்.

படி 3: ஆளை அடையாளம் கண்டது எப்படி?

மலையகத்து வழக்குகளில் நான் அதிக நேரம் செலவழிப்பது இந்த வரியில்தான். அந்தப் பனியில் எவ்வளவு தூரத்தில் பார்த்தார், எவ்வளவு நேரம், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, முன்பே தெரிந்த முகமா? பலரை வரிசையில் நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்புக்கு முன்னால், பொலிஸ் நிலையத்தில் அவனைக் காட்டியிருந்தால் அந்த அணிவகுப்புக்குப் பெரிய பெறுமதி இல்லை. அணிவகுப்பே இல்லாமல், பல மாதம் கழித்து எதிரிக் கூண்டில் நிற்பவனைக் கைகாட்டுவது அதைவிடப் பலவீனம்.

முகம் தெரியாவிட்டாலும் பொருள் பேசும். கொக்கி உடைந்து, சிவப்பு நூலால் கட்டியிருந்த சங்கிலி என்று அந்த அம்மா சொல்கிறார். அதே சிவப்பு நூலோடு இரண்டாம் நாள் இளைஞனின் காற்சட்டைப் பையில் கிடைத்தால், "இது எப்படி உன்னிடம் வந்தது?" என்ற கேள்வி எழும். விளக்கம் இல்லாவிட்டால், அவனே களவெடுத்தான் அல்லது களவுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினான் என்று ஊகிக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு இடம் தருகிறது. பல மாதம் கழித்து, கைமாறிக் கைமாறி அகப்பட்டால் அந்த ஊகம் தேய்ந்துவிடும்.

படி 4: வெட்ட வேண்டியதை வெட்டுங்கள்

"நான்தான் அறுத்தேன்" என்று பொலிசாரிடம் சொன்னதாக இருந்தால் அதைக் கோடு போட்டு வெட்டுங்கள், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதை ஏற்காது. ஆனால் "கானுக்குப் பக்கத்துத் தேயிலைச் செடியடியில் கிடக்கிறது" என்று அவன் சொல்லி, அங்கேயே எடுத்தார்கள் என்றால், 27ஆம் பிரிவின்படி அந்தத் துண்டு மட்டும் உள்ளே வரும். அதுவும் அவனுக்கு இடம் தெரிந்திருந்தது என்பதைத்தான் காட்டும்.

படி 5: இப்போது கொப்பியைப் பாருங்கள்

மூன்றாவது வரி முழுக்கக் காலியா? எதிர்வாதம் கேட்க எதுவும் இல்லை. நேரம் முன்பின், சட்டையின் நிறம் மாறியது மாதிரிச் சின்ன முரண்பாடுகளா? அவற்றை நம்பி இந்தக் கட்டத்தில் விடுதலையை எதிர்பார்க்க வேண்டாம். அவை வழக்கின் முடிவில், நியாயமான சந்தேகம் இருக்கிறதா என்று பார்க்கும்போது உதவும்.

எதிர்வாதம் கேட்டார்கள் என்றால் குற்றவாளி என்று தீர்ப்பு வந்துவிட்டதாக அர்த்தமில்லை. இதைக் கேட்டு அழுத தாய்மாரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். எண்பிக்கும் பாரம் அப்போதும் வழக்குத் தொடுநரிடம்தான்.

படி 6: கேட்டால் என்ன செய்வது?

சத்தியம் செய்து சாட்சி சொல்லலாம், அப்போது குறுக்கு விசாரணை உண்டு. சத்தியமில்லாமல் எதிரிக் கூண்டிலிருந்தே கூற்றுச் சொல்லலாம். பேசாமலும் இருக்கலாம், சாட்சிகளையும் அழைக்கலாம். எது நல்லது என்பதைக் கொப்பியைச் சட்டத்தரணியிடம் காட்டி முடிவெடுங்கள். பையில் கிடைத்த சங்கிலி போல வலுவான சாட்சியம் இருந்தால், நம்பக்கூடிய ஒரு விளக்கம் பெரிய வித்தியாசம் செய்யும்.

"அன்று அவன் பெக்டரியில் இரவு வேலையில் இருந்தான்" என்பது உங்கள் பதிலானால், அதை இந்த நாள் வரை பொத்தி வைக்காதீர்கள். வேறிடத்தில் இருந்ததாகச் சொல்வதை முன்கூட்டியே அறிவிக்கச் சட்டம் கேட்கிறது. கைது நடந்த வாரமே அந்த இரவின் வேலைப் பதிவைத் தேடி, யார் கையெழுத்துப் போட்டார் என்று குறித்து, சட்டத்தரணியிடம் கொடுங்கள்.