திருடுபோன பழைய மடிப்பு சைக்கிளுக்கு மாற்று வாங்கும்போது

திருடுபோன மடிப்பு சைக்கிளுக்கு ஈடாக அதே காலத்து வண்டியைத் தேடுபவர்கள், பெயின்ட்டின் பளபளப்புக்கு முன்னால் நடுச்சட்டம் மடியும் இடத்திலுள்ள கீலைப் பார்க்க வேண்டும். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைக்கும்போது கீலில் ஆட்டம் தெரிந்தாலோ, பற்றவைத்த இடத்தை ஒட்டி மயிரிழை போன்ற விரிசல் ஓடினாலோ, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை விட்டுவிடுங்கள். வண்டிச் சட்டத்தில் பொறித்த எண் சுரண்டப்பட்டிருந்தால், அது இன்னொருவர் பறிகொடுத்த வண்டியாக இருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம்.

ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் ஹப் (கியர்களை உள்ளே அடக்கிய பின்சக்கர மையம்) பொருத்திய பழைய வண்டிகள் நெடுந்தூரத்துக்கு இன்றும் நம்பகமானவை என்பது என் உறுதியான கருத்து. அந்த ஹப்களில் பெரும்பாலும் உற்பத்தி ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பதால், வண்டியின் வயதையும் ஓரளவு கணிக்கலாம். மேடு ஏறும்போது கால் திணறினால், பின்சக்கரப் பல்சக்கரத்தைக் கூடுதல் பற்கள் கொண்டதாக மாற்றினாலே மூன்று கியர்களும் இலகுவாகிவிடும். எஃகு ரிம்மில் மழைக்காலத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதால், அலுமினிய ரிம்முக்கு மாறுவது செலவுக்குத் தகுந்த பலன் தரும்.

டயரில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 20 அங்குலம் என்ற ஒரே பெயரில் 406 மி.மீ., 451 மி.மீ. என வெவ்வேறு ரிம் அளவுகள் இருக்கின்றன; ஒன்றின் டயர் மற்றொன்றில் உட்காராது. எனவே டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, வழியில் எளிதில் கிடைக்காத அளவாக இருந்தால், மாற்று டயர் ஒன்றையும் இரண்டு ட்யூப்களையும் பையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.