காசில்லாமல் மருந்தை விட்டவர்களிடம் நாம் செய்யும் தவறுகள்

கம்பம், கூடலூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, பிரஷர் நோயாளிகளைப் பார்க்கிற வேலை எனக்கு. போன மாதம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் வீட்டிலேயே, நான் ஆரம்பத்தில் செய்த அதே தவற்றைச் செய்தார்கள். பதிவேட்டுப் பிழைகள் போகப் போகச் சரியாகிவிடும். கீழே இருப்பவை அப்படிச் சரியாகாதவை.

“மாத்திரை போடுறீங்களா?” என்று கேட்பது

இதற்கு எல்லாரும் ‘ஆமா’ என்றுதான் சொல்வார்கள். கையில் காசில்லாமல் மாத்திரையை விட்டவர், அதை வாசலில் நிற்கிற நம்மிடம் எப்படிச் சொல்வார்? நாமும் ‘ஆமா’ என்று நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம்.

குமுளி மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஓர் அக்கா இருந்தார். விடியும் முன் ஜீப் ஏறினால் திரும்ப சாயங்காலம் ஆகும். மெடிக்கலில் பத்து மாத்திரை வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு, இருபது நாள் ஓட்டியிருக்கிறார். என்னிடம் “தவறாமப் போடுறேன் தாயி” என்றார். நான் நம்பி, டாக்டரிடமும் அப்படியே சொன்னேன். சர்க்கரை 300-க்கு மேல் இருந்தது. தினமும் போட்டும் குறையவில்லை என்றால் டாக்டர் என்ன செய்வார்? சர்க்கரையைக் குறைக்கிற கிளிமிபிரைடு மாத்திரையின் அளவைக் கூட்டினார். அந்த வாரம் பார்த்து மகள் ஊரிலிருந்து வந்தாள். முழு மாத்திரையும் வாங்கி, தினமும் கையில் எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள், வெறும் டீயைக் குடித்துவிட்டு ஜீப் ஏறியவர், சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, தோட்டத்தில் வியர்த்துக் கொட்டிச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். நினைவு தப்புவதற்குள் யாரோ சீனியைக் கரைத்துக் கொடுத்ததால் பிழைத்தார். நோட்டில் நான் குறித்த அந்த ‘ஆமா’வை நினைத்தால் இன்றும் என்மேல் கோபம் வருகிறது. அதே ‘ஆமா’வை இந்தப் பிள்ளைகளும் எழுதும்போது எப்படிச் சும்மா இருப்பேன்?

மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, மிச்சத்தை எண்ணுங்கள். “தீர்ந்தா எத்தனை நாள் கழிச்சு வாங்குவீங்க?” என்று கேளுங்கள். “மாசக் கடைசியில நிறையப் பேருக்கு விட்டுப்போகுது, உங்களுக்கும் அப்படி ஆகுதாக்கா?” என்றால் பலர் சொல்லிவிடுவார்கள். அதைச் சீட்டில் எழுதி டாக்டருக்குக் கொடுத்தனுப்புங்கள்: ‘வாரத்தில் மூன்று, நான்கு நாள்தான் எடுக்கிறார்.’ அளவைக் கூட்டும் முன் அவர் யோசிப்பார். விலை குறைந்த மாத்திரையாக மாற்றித் தரவும் வழியுண்டு.

திட்டுவது

கூடவே கூடாது.

“கவர்மென்ட்ல இலவசம்தானே” என்பது

மாத்திரை இலவசம்தான். ஆனால் ஓ.பி. சீட்டு போடுவது காலையில். ஜீப் அதற்கும் முன்னால் போய்விடுகிறது. ஒருநாள் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. இந்தக் கணக்கைப் பார்க்காமல் ‘சோம்பேறித்தனம்’ என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டத்தில் பெயரைச் சேர்த்தால் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். சேர்த்துவிடுங்கள். அப்புறம், பகலில் போய்ப் பார்த்துவிட்டு ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதாதீர்கள். ஜீப் இறங்குகிற நேரத்துக்குப் போங்கள்.

நோயில் படுத்த பிறகு காப்பீட்டு அட்டையைத் தேடுவது

தமிழக அரசின் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கு ரேஷன் கார்டு வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் வேண்டும். பதிவதற்குத் தேனி கலெக்டர் ஆபீஸ் போக வேண்டும், அதற்கே ஒருநாள் ஆகிவிடும். உடம்பு நன்றாக இருக்கும்போதே போய்வரச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரி அனுமதி வாங்கியாக வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு அட்டையை நீட்டுகிறவர்களைப் பார்த்து எனக்கு மனசு நொந்துபோகிறது. மாதாமாதம் போடுகிற மாத்திரைக்கு இந்த அட்டை செல்லாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேரள ரேஷன் கார்டைக் கவனிக்காமல் விடுவது

வண்டிப்பெரியாறில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் (லயத்தில்) குடியிருந்து அந்த ஊர்க் கார்டு வைத்திருப்பவரைத் தேனிக்கு அலையவிடாதீர்கள். காருண்யா ஆரோக்ய சுரக்ஷா என்ற கேரள அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் அவர் குடும்பத்தின் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுப் பார்க்க வேண்டும்.