எத்தனை பிளாக் நடத்தலாம்? கணக்கு தப்பும் இடங்கள்

பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் தமிழர்கள் நாலு பேர் கூடினால் அதில் ஒருவராவது "ஒரு சைட் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்" என்பார். கொஞ்சம் தோண்டிக் கேட்டால் அவரிடம் ஏற்கெனவே மூன்று டொமைன், அதாவது தளத்துக்கான முகவரிப் பெயர், இருக்கும்: சமையலுக்கு ஒன்று, ஊர் சுற்றுவதற்கு ஒன்று, பங்குச் சந்தைக்கு ஒன்று. மூன்றிலும் கடைசிப் பதிவு எப்போதோ ஒரு பொங்கலுக்குப் போட்ட வாழ்த்து. ஆள் சோம்பேறியும் கிடையாது, எழுதத் தெரியாதவரும் கிடையாது. எத்தனை தளம் என்று முடிவெடுத்த விதம்தான் கோணல்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்று போதும். இரண்டாவதற்கு வலுவான காரணம் வேண்டும், மூன்றாவதற்கு உதவிக்கு ஆள் வேண்டும். இல்லை, எனக்கு நாலு வேண்டும் என்று நிற்பவர்கள் பெரும்பாலும் இனி சொல்லப்போகிறவற்றில் ஏதோ ஒன்றில் மாட்டியவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

பெயர் நன்றாகத் தோன்றியது, ஆஃபர் ஓடுகிறது, வாங்கிப் போட்டுவிடலாம் என்பதில்தான் பல பேருக்கு ஆரம்பிக்கிறது. முதல் வருடம் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டொமைன் இரண்டாவது வருடம் ஆயிரத்தைத் தாண்டுவது சகஜம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம் விற்பனையாளரிடம் வாங்கும் விலையே 2024 செப்டம்பரில் ஒரு பெயருக்கு வருடம் 10.26 டாலர் ஆனது. அதைவிடக் குறைத்து உங்களுக்கு யாராவது தருகிறார் என்றால் அந்த நஷ்டத்தை ரினியூவலில் வசூலித்துக்கொள்வார் என்றுதான் பொருள். ஆகவே வாங்கும் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், பொடி எழுத்தில் இருக்கும் ரினியூவல் விலையைப் பாருங்கள். அதைத் தளங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, ஐந்து வருடத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் பாதி ஆசை அங்கேயே அடங்கிவிடும். கூகுளின் பிளாக்கர் இலவசம்தானே என்றால், ஆமாம், ஒரே கணக்கில் 100 பிளாக் வரை திறக்க விடுகிறார்கள். திறக்க விடுகிறார்கள் என்பதற்காகத் திறந்து வைத்தவர்களின் கதையைத்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நேரக் கணக்கில் இருக்கும் ஓட்டை

பணத்தைவிடப் பெரிய பிரச்சினை இது. ஆரம்பிக்கும் வாரத்து உற்சாகத்தில் "வாரம் பத்து மணி நேரம் கிடைக்கும், ஒரு பதிவுக்கு மூன்று மணி நேரம், அப்போ மூன்று சைட்" என்று வகுத்துப் பார்ப்பார்கள். அந்தப் பத்து மணி நேரம் எங்கே இருக்கிறது? எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டைத் தாண்டி வீடு வந்து சேரும் மாலையில் இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி சாந்தி நகரிலோ மடிவாளாவிலோ பஸ் ஏறி, சேலமோ வேலூரோ போய் அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டு, திங்கள் காலை கண்ணெரிச்சலோடு நேராக ஆபீஸுக்கு வருகிற வார இறுதியில் இல்லை. ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கும் வாரத்தில் நிச்சயமாக இல்லை. நல்ல வாரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மாதத்தின் மோசமான வாரத்தில் எத்தனை மணி நேரம் தேறுமோ அதுதான் உங்கள் கையிருப்பு, பலருக்கு அது இரண்டு மணி நேரம்கூட வராது.

அந்த இரண்டு மணி நேரமும் முழுக்க எழுதக் கிடைக்காது. தளம் நடத்தும் மென்பொருளான வேர்டுபிரஸ் என்றால் அதன் அப்டேட், கூடுதல் வசதிக்காக அதில் சேர்க்கும் ப்ளக்இன்களின் அப்டேட், பேக்கப், கமென்ட்டில் வந்து விழும் குப்பை எல்லாம் தளத்துக்குத் தளம் தனித்தனி. வேர்டுபிரஸ் எழுதப்பட்ட கணினி மொழியான பி.எச்.பி.யின் 7.4 பதிப்புக்குப் பாதுகாப்பு ஆதரவு 2022 நவம்பரோடு முடிந்தது, அதன்பிறகு தளத்துக்கு சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங்காரர் பதிப்பை உயர்த்தும்போது தளத்தின் தோற்றத்தைத் தரும் பழைய தீம் ஒன்று உடைந்து வெள்ளைப் பக்கம் காட்டினால் அதைச் சரிசெய்ய ஒரு சனிக்கிழமை போகும். தளத்தோடு உள்ள இணைப்பு பாதுகாப்பானது என்று பிரவுசருக்குக் காட்டும் இலவச எஸ்.எஸ்.எல். சான்றிதழ் பெரும்பாலும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பினுடையது, அதிகபட்சம் 90 நாள்தான் செல்லும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு எங்கேயாவது நின்றுவிட்டால், வாசகருக்குப் பிரவுசரே "இந்தத் தளம் பாதுகாப்பற்றது" என்று சொல்லி விரட்டிவிடும். ஒரு தளத்தில் இது நடந்தால் தொந்தரவு. நாலு தளத்தில் மாற்றி மாற்றி நடந்தால் நீங்கள் எழுத்தாளர் என்பதே மறந்து சிஸ்டம் அட்மின் ஆகிவிடுவீர்கள், அதுவும் சம்பளம் இல்லாமல்.

பழைய பதிவுகளுக்கும் நேரம் வேண்டும் என்பதை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. கர்நாடகத்தில் 2025 ஜனவரியில் பஸ் கட்டணம் 15 சதவீதம் ஏறியது, அடுத்த மாதமே நம்ம மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய்க்குப் போனது. பெங்களூருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எழுதும் தளம் ஒன்று வைத்திருந்தால் அந்த இரண்டு மாதத்தில் எத்தனை பதிவைத் திறந்து திருத்த வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திருத்தாமல் விட்டால், அதை நம்பிக் கிளம்பியவர் ஸ்டேஷனில் உங்களைத் திட்டுவார். விலை, விதி, கட்டணம், தேதி இருக்கும் எந்தத் துறையை எடுத்தாலும் இப்படித்தான். சிறுகதை எழுதும் தளத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது.

தலைப்பு வேறு என்றால் தளமும் வேறா?

இந்த இடத்தில்தான் விஷயம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். தளத்துக்கு ஒரு மைய நோக்கம் இருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று கூகுள் தன் வழிகாட்டுதலில் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு தளம் வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தலைப்பைப் பார்த்துப் பிரிப்பதைவிட வாசகரைப் பார்த்துப் பிரிப்பதுதான் சரி.

ராமமூர்த்தி நகரிலிருந்து ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்கு எவ்வளவு அட்வான்ஸ் கேட்பார்கள், லீசுக்கு வீடு எடுத்தால் எந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது கன்னடம் எப்படி, தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் எப்போது போட வேண்டும், நல்ல இட்லி மாவு எங்கே கிடைக்கும். வீடு, கல்வி, பயணம், சாப்பாடு என்று நாலு தலைப்பு. வாசகர் ஒரே ஆள்: தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்து இறங்கியவர். வீட்டைப் பற்றிப் படித்தவர் அடுத்து பள்ளியைப் பற்றிப் படிப்பார். இதை நாலாக உடைத்தால் அவர் ஒன்றைப் படித்துவிட்டு வெளியே போய்விடுவார், மற்ற மூன்றும் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒரே தளத்தில் நாலு பிரிவு போதும்.

இதே ஆள் ஆபீஸில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறார், அதைப் பற்றியும் ஆங்கிலத்தில் எழுத ஆசை. இட்லி மாவு தேடி வந்தவருக்கு அது வேண்டாம், டேட்டாபேஸ் தேடி வந்தவருக்கு இட்லி மாவு வேண்டாம். இங்கே இரண்டாவது தளம் நியாயம். ஒன்றைப் பற்றிய பதிவைப் படித்தவர் மற்றதைப் பற்றியதையும் படிப்பாரா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் பிரியுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

தமிழ், ஆங்கிலம் என்று மொழிக்கு ஒரு டொமைன் வாங்குவதையும் நம் ஆட்கள் நிறையச் செய்கிறார்கள், ஊர் அப்படி. அதே விஷயத்தை இரண்டு மொழியிலும் எழுதுவதாக இருந்தால் ஒரே டொமைனுக்குள் இரண்டு பிரிவாக வைத்து, எது எந்த மொழிப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறியைப் போட்டால் ஆயிற்று. இரண்டாவது மொழியை இயந்திரத்திடம் கொடுத்து மொத்தமாக மாற்றி, திருத்தாமல் ஏற்றுவது மட்டும் வேண்டாம். வாசகருக்குப் பயனில்லாத பக்கங்களைத் தேடலில் முந்துவதற்காக மொத்தமாக உற்பத்தி செய்வதைக் கூகுள் 2024 மார்ச் மாதம் தன் ஸ்பாம் கொள்கையில் வெளிப்படையாகச் சேர்த்தது. மனிதர் செய்தாலும் சரி, இயந்திரம் செய்தாலும் சரி, அதே விதிதான். நாலு தளத்துக்கும் தீனி போட முடியாமல் ஒரே கட்டுரையை வார்த்தை மாற்றி நாலிலும் போடுகிறவர்களும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு லிங்க் கொடுத்தே மேலே வந்துவிடலாம் என்று நினைப்பவர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

2000களில் ஒருவரே மூன்று, நாலு பிளாக் வைத்திருந்தது உண்மைதான். அப்போது தமிழ்மணம் மாதிரித் திரட்டிகள் இருந்தன, எந்தப் பிளாக்கில் போட்டாலும் அதே முகப்பில் போய் நின்றது, படிப்பவர்கள் அங்கிருந்து வந்தார்கள். திரட்டிகளின் அந்தக் காலம் முடிந்துவிட்டது. இன்று ஒவ்வொரு தளமும் தன் வாசகரைப் பூஜ்யத்திலிருந்து தேட வேண்டும்.

விளம்பர வருமானத்துக்காக நிறையத் தளம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தளங்களில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் தமிழுக்கு வந்தது, அந்த வருடம் ஆளாளுக்குத் தளம் திறந்தார்கள். ஒருவருக்கு ஒரு கணக்குதான், எத்தனை தளம் சேர்த்தாலும் அந்தக் கணக்கில் மொத்தமாக 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். ஒவ்வொரு தளத்தையும் தனியாகச் சேர்த்து அனுமதி வாங்க வேண்டும். விதி மீறல் என்று கணக்கையே முடக்கினால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தளத்தின் வருமானமும் சேர்ந்து நிற்கும், ஆகவே கவனிக்க நேரமில்லாத தளத்தை அந்தக் கணக்கில் தொங்கவிட்டு வைப்பது வீண் வம்பு. ஆபீஸ் ஒப்பந்தத்தில் பக்க வருமானம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

எல்லாத் தளங்களையும் ஒரே ஹோஸ்டிங் கணக்கில் கொட்டுவது இன்னொரு தவறு. செலவு மிச்சம்தான், ஆனால் மறந்துபோன ஒரு தளத்தின் பழைய ப்ளக்இன் வழியாக மால்வேர் எனும் தீங்கு செய்யும் நிரல் உள்ளே வந்தால் அதே கணக்கில் இருக்கும் மற்ற தளங்களின் ஃபைல்களுக்கும் அது எளிதாகப் பரவும். வேர்டுபிரஸ் 3.0 வந்த 2010லிருந்து, ஒரே வேர்டுபிரஸ்ஸில் பல தளங்களை நடத்தும் மல்டிசைட் வசதி இருக்கிறது, ஒரே அப்டேட்டில் எல்லாத் தளமும் மாறும். அது படுத்தால் எல்லாமும் சேர்ந்து படுக்கும். இதற்குச் சுலபமான தீர்வு எதுவும் எனக்குத் தென்படவில்லை, எண்ணிக்கையைக் குறைப்பதைத் தவிர.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு, ஒன்று போதும் என்பதை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொள்வது. வீட்டிலிருந்தே சாப்பாடு செய்து கொடுக்கும் உங்கள் மனைவியின் தொழிலுக்கு உங்கள் பிளாக்கில் ஒரு பக்கம் போதும் என்று நினைக்காதீர்கள். ஆர்டர் கொடுக்க வருபவர் உங்கள் அரசியல் கட்டுரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டுமா? அப்பார்ட்மென்ட் சங்கத்துக்கோ தமிழ் வகுப்புக்கோ செய்து கொடுக்கும் தளத்தையும் உங்கள் டொமைனுக்குள் வைக்காதீர்கள். நாளைக்கு நீங்கள் வேறு ஊருக்கு மாறினால் அதைப் பிரித்துக் கொடுப்பது பெரிய தலைவலி. வேறொருவருக்குச் சொந்தமானது, என்றாவது கைமாறப் போவது, இரண்டும் ஆரம்பத்திலேயே தனியாக இருக்க வேண்டும், அவர்கள் பெயரிலேயே.

மூடத் தெரியாதது

சரி, ஏற்கெனவே மூன்று இருக்கிறது, குறைக்க வேண்டும். அப்படியே ரினியூ பண்ணாமல் விட்டுவிடுவதுதான் பலரும் செய்வது. டாட் காம் பெயர் காலாவதியானால் கொஞ்ச நாள் வழக்கமான விலையில் மீட்கலாம், அது விற்பனையாளரைப் பொறுத்தது. அதற்குப் பிறகு 30 நாள் கூடுதல் கட்டணத்தோடு மீட்கும் காலம், கடைசியாக 5 நாள் யாராலும் தொட முடியாத காலம், அப்புறம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய லிங்க்குகள் உள்ள பெயர் என்றால் சூதாட்ட விளம்பரம் போடுகிறவர்கள் காத்திருந்து வாங்குவார்கள், உங்கள் பழைய வாசகர் போய் நிற்பது அங்கேதான்.

அதைவிட, நல்ல பதிவுகளை மட்டும் முக்கியத் தளத்துக்கு மாற்றி, ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் அதன் புது முகவரிக்கு 301 ரீடைரக்ட், அதாவது வருபவரை நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு, கொடுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது சோம்பேறித்தனம், தேடி வந்தவருக்கு அது உதவாது. ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள், அதாவது டொமைனுக்கு இன்னும் ஒரு ரினியூவல் கட்ட வேண்டும், கட்டுங்கள். மாற்றத் தகுதியில்லாத பதிவுகளை ஒரு பேக்கப் எடுத்துக் கணினியில் போட்டுவிட்டு அழித்துவிடலாம்.

கடைசியாக டொமைனைக் கைவிடும் முன்பு, அந்தப் பெயரில் இமெயில் முகவரி வைத்து எங்கெல்லாம் கணக்குத் திறந்தீர்கள் என்று தேடுங்கள். ஹோஸ்டிங், ஆட்சென்ஸ், பேமென்ட் கேட்வே, சில சமயம் பேங்க்கூட. டொமைனை அடுத்து வாங்குபவர் அதே முகவரியை உருவாக்கிக்கொண்டு பாஸ்வேர்டு ரீசெட் கேட்டால் மெயில் அவருக்குத்தான் போகும். எல்லாவற்றையும் வேறு முகவரிக்கு மாற்றி முடித்த பிறகே ஆட்டோ ரினியூவலை நிறுத்துங்கள்.