மோட்டார் சைக்கிளில் காய்ந்து ஒட்டிய பூச்சிக் கறையை நீக்க
நெடுந்தூரம் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கிலும் முன்பகுதியிலும் மோதி நசுங்கிய பூச்சிகளை அன்றே, முடியாவிட்டால் மறுநாளாவது, கழுவிவிட வேண்டும். பூச்சியின் உடலிலுள்ள புரதம் வெயிலில் காய்ந்து பசைபோல் இறுகிவிடுவதோடு, நாள்பட்டால் அதன் அமிலத்தன்மை பெயின்டின் மேல்பூச்சை அரித்து, பிறகு கழுவினாலும் போகாத தடத்தை விட்டுவிடும்.

காய்ந்த கறையை அப்படியே தேய்த்து எடுக்க முயல்வதுதான் பெரிய தவறு. பூச்சியின் கடினமான ஓட்டுத் துணுக்குகளே உப்புத்தாள்போல் பளபளப்பைக் கீறிவிடும். வண்டியை நிழலில் நிறுத்தி, எஞ்சின் நன்றாக ஆறிய பின், வாகன ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியைக் கறையின் மேல் போர்த்தி, 10 முதல் 15 நிமிடம் விட்டுவிடுங்கள். துணி உலரத் தொடங்கினால் மீண்டும் நனைக்க வேண்டும். நன்கு ஊறிய கறை மெல்ல வழித்தாலே வந்துவிடும். வராத இடத்தில் அழுத்தத்தைக் கூட்டாமல் இன்னொரு முறை ஊறவைப்பதையே நான் வலியுறுத்துவேன். பாத்திரம் தேய்க்கும் நாரை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

காற்றுத்தடுப்பான் பெரும்பாலும் கண்ணாடியன்று, பிளாஸ்டிக். அம்மோனியா கலந்த கண்ணாடித் துப்புரவுத் திரவம் அதை மங்கலாக்கி நுண்ணிய விரிசல்களை உண்டாக்கக்கூடும் என்பதால், அதற்கும் ஷாம்பு நீரே போதும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும் என்பதால், அங்கே நீரை வேகமாகப் பீய்ச்ச வேண்டாம்.

கழுவித் துடைத்தபின் மெழுகுப் பூச்சு ஒன்று இட்டுவைத்தால் அடுத்த பயணத்தின் கறை எளிதில் கழன்றுவிடும். பளபளப்பற்ற மேட் பெயின்டுக்கு மட்டும் சாதாரண மெழுகைத் தவிர்த்து, அதற்கென உள்ள பூச்சையே பயன்படுத்த வேண்டும்.