ஃபிக்ஸட் டாரிஃப் முடியப் போகிறதா? பிரிட்டனில் கரண்ட், கேஸ் கம்பெனி மாற்ற எப்போது இறங்கலாம்

பிரிட்டனுக்குப் புதிதாகக் குடிவந்த நம்மவர்கள் முதல் ஃபிக்ஸட் டீல் (குறிப்பிட்ட காலத்துக்கு யூனிட் விலை மாறாத ஒப்பந்தம்) முடியும் சமயத்தில் கேட்பது இதுதான்: இப்போதே வேறு கம்பெனிக்குப் போனால் அபராதம் கட்ட வேண்டுமா, முடியும் வரை காத்திருந்தால் விலை ஏறிவிடுமா? ஊரில் கரண்டுக்கு மின்வாரியம், கேஸுக்கு சிலிண்டர், யாரிடம் வாங்குவது என்ற யோசனையே வராது. இங்கே அதை நாமேதான் முடிவு செய்ய வேண்டும், செய்யாவிட்டால் கம்பெனியே நம்மை ஒரு விலையில் போட்டுவிடும். பயப்பட எதுவும் இல்லை, எந்த நாளில் எதைச் செய்வது என்று தெரிந்தால் அரை மணி நேர வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும்தான். வட அயர்லாந்துக்கு விதிகள் வேறு. வாடகை வீட்டில் இருந்தாலும் பில் உங்கள் பெயரில் வந்து நீங்களே கட்டுகிறீர்கள் என்றால் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. வீட்டுக்காரர் கட்டினால் அது அவர் பாடு.

படி 1: முடிவு தேதியைக் கண்டுபிடியுங்கள், 49 நாள் பின்னால் எண்ணுங்கள்

பில்லிலோ கம்பெனியின் ஆப்பிலோ டாரிஃபின் பெயர், அது முடியும் தேதி, எக்ஸிட் ஃபீ (முடியும் முன்பே விலகினால் கட்டும் அபராதம்) மூன்றும் இருக்கும். அந்த முடிவு தேதிக்கு முந்தைய 49 நாட்களில் நீங்கள் மாறினால் பழைய கம்பெனி எக்ஸிட் ஃபீ வாங்கக் கூடாது. எரிசக்தித் துறையைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெமின் விதி இது, எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும். டீல் முடியப் போகிறது என்று முடிவுக்கு 49 முதல் 42 நாள் இருக்கும்போது அவர்களே உங்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும், ஆனால் அந்த மெயில் விளம்பர மெயில்களோடு கலந்து ஸ்பாமில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் அதை நம்பி இருக்காமல் காலண்டரில் நீங்களே குறித்துவையுங்கள்.

உதாரணமாக டீல் அக்டோபர் 31-இல் முடிகிறது என்றால் 49 நாள் முன்னால் போனால் செப்டம்பர் 12 வரும். விண்ணப்பத்தை அன்றைக்கே போடாமல் ஓரிரு நாள் தள்ளிப் போடுங்கள், எண்ணிக்கையில் யாருக்கும் வாக்குவாதம் வராது.

அதற்கும் முன்பே மாற வேண்டும் என்றால் எக்ஸிட் ஃபீயைக் கணக்கில் சேர்க்க வேண்டும். சில டீல்களில் அது இருக்கவே இருக்காது. சிலவற்றில் கரண்டுக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும், 50 பவுண்டு என்று போட்டிருந்தால் இரண்டுக்கும் சேர்த்து 100 என்று படிக்க வேண்டும்.

படி 2: ஒன்றும் செய்யாவிட்டால் எந்த விலைக்குப் போவோம் என்று பாருங்கள்

டீல் முடிந்ததும் பெரும்பாலும் உங்கள் கம்பெனியின் ஸ்டாண்டர்ட் வேரியபிள் டாரிஃபுக்கு, அதாவது அவ்வப்போது ஏறி இறங்கும் விலைக்குப் போய்விடுவீர்கள். அந்த விலைக்கு ஆஃப்ஜெம் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது, அதுதான் செய்திகளில் அடிபடும் பிரைஸ் கேப். 2019 ஜனவரியில் வந்தது. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1-ஆம் தேதிகளில் மாறுகிறது, புதிய அளவை ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே அறிவித்துவிடுவார்கள்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. செய்தியில் வரும் பவுண்டு தொகை உங்கள் பில்லுக்கு வைத்த வரம்பு இல்லை. வரம்பு ஒரு யூனிட்டின் விலைக்கும், எவ்வளவு உபயோகித்தாலும் தினமும் கட்ட வேண்டிய ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான். அதிகம் செலவழித்தால் பில்லும் அதிகம்தான் வரும்.

வேரியபிளில் போய் விழுந்துவிட்டால்கூடக் கதை முடிந்துவிடாது. அதில் எக்ஸிட் ஃபீ கிடையாது, எந்த நாளிலும் வெளியேறலாம். ஆகவே நல்ல டீல் கண்ணில் படவில்லை என்றால் அவசரத்தில் கிடைத்ததைப் பிடித்து ஒரு வருஷம் மாட்டிக்கொள்வதைவிடச் சில வாரம் வேரியபிளில் இருப்பதே மேல்.

படி 3: உங்கள் சொந்த யூனிட் கணக்கை எடுங்கள்

ஒப்பீட்டு வெப்சைட்டில் "நடுத்தர வீடு" என்று கிளிக் செய்துவிட்டுப் போகாதீர்கள். ஆஃப்ஜெம் 2023 அக்டோபரில் சராசரி வீட்டுக்கு வைத்த கணக்கு வருஷத்துக்குக் கரண்ட் 2,700 யூனிட், கேஸ் 11,500 யூனிட் (பில்லில் kWh என்று இருப்பதுதான் யூனிட்). ஃபிளாட்டில் இருவர் மட்டும் இருக்கும் வீடும், தாத்தா பாட்டியோடு ஆறு பேர் இருந்து நாள் முழுக்க ஹீட்டிங் ஓடும் வீடும் அந்தக் கணக்கில் அடங்காது. கடந்த 12 மாதத்து உபயோகம் பில்லில் இருக்கும், அதை எடுத்துப் போடுங்கள். கேஸ் மீட்டரில் ஓடும் எண்ணை மட்டும் அப்படியே எடுத்துவிடாதீர்கள், புதிய மீட்டர்களில் அது கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 11 யூனிட்டாகப் பில்லில் வரும்.

இது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், விலைகள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. ஒரு கம்பெனி கரண்ட் யூனிட் 25 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் தினம் 50 பென்ஸ் என்கிறது. இன்னொன்று யூனிட் 23 பென்ஸ்தான், ஆனால் ஸ்டாண்டிங் சார்ஜ் 65 பென்ஸ். 2,700 யூனிட் ஓடும் வீட்டுக்கு முதலாவது வருஷத்துக்கு 857.50 பவுண்டு, இரண்டாவது 858.25, அதாவது வித்தியாசமே இல்லை. அதே 1,500 யூனிட் மட்டும் ஓடும் சின்ன ஃபிளாட்டுக்கு முதலாவது 557.50, இரண்டாவது 582.25. யூனிட் விலை குறைவு என்று விளம்பரம் பார்த்து இரண்டாவதற்குப் போயிருந்தால் 25 பவுண்டு அதிகம் கட்டியிருப்பார்கள்.

ஒப்பீட்டு வெப்சைட்டுகள் கமிஷனில் ஓடுபவை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். சில டீல்கள் முதல் பக்கத்தில் வராது, எல்லா டாரிஃபையும் காட்டச் சொல்லும் ஃபில்டரைத் தேடிப் போடுங்கள். இப்போதைய கம்பெனியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், பழைய வாடிக்கையாளருக்கென்று தனி டீல் வைத்திருக்கலாம்.

படி 4: 49 நாளுக்குள் எந்த நாள்?

எனக்கு இந்த விஷயத்தில் முக்கியமாகப் படுவது இந்தப் படிதான், ஆனால் பலரும் யோசிக்காமல் தாண்டிப் போவதும் இதைத்தான். புதிய டீலை முதலில் உங்கள் பழைய ஃபிக்ஸட் விலையோடு வைத்துப் பாருங்கள், வேரியபிளோடு பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

புதியது பழையதைவிடக் குறைவா? அப்படியென்றால் ஒவ்வொரு நாள் காத்திருப்பதும் நஷ்டம். 49 நாள் ஆரம்பித்ததும் மாறிவிடுங்கள்.

புதியது பழையதைவிட அதிகமா, ஆனால் வேரியபிளைவிடக் குறைவா? அப்போது பழைய மலிவு விலையைக் கடைசி நாள் வரை அனுபவித்துவிட்டுப் போவதுதான் லாபம், முக்கியமாக முடிவு தேதி குளிர்காலத்தில் விழுந்தால், ஏனென்றால் ஹீட்டிங் ஓடும் மாதங்களில்தான் கேஸ் கொட்டுகிறது. ஆனால் நல்ல டீல்கள் திடீரென்று காணாமல் போகும். ஆகவே டீலை இப்போதே பிடித்துக்கொண்டு, சப்ளை தொடங்கும் தேதியை மட்டும் தள்ளிவைக்க முடியுமா என்று புதிய கம்பெனியிடம் கேளுங்கள். உங்கள் கம்பெனியிலேயே புதுப்பிக்கிறீர்கள் என்றாலும் இதையே கேளுங்கள்: புதிய விலை இன்றைக்கே ஆரம்பிக்குமா, பழையது முடிந்த மறுநாளா? இதைக் கேட்காமல் ஓகே அழுத்தினால் மீதமிருக்கும் மலிவு நாட்களை நீங்களே தூக்கிக் கொடுத்துவிடுவீர்கள்.

மாற்றம் நடக்க இப்போது 5 வேலை நாள் போதும். மனம் மாறினால் ரத்து செய்ய 14 நாள் அவகாசமும் உண்டு. இருந்தாலும் கடைசி வாரம் வரை இழுக்க வேண்டாம், முடிவுக்கு மூன்று வாரம் முன்னால் விண்ணப்பம் போய்விட்டால் ஏதாவது சிக்கினாலும் சரி செய்ய நேரம் இருக்கும்.

பிரைஸ் கேப் அறிவிப்பு நெருங்குகிறது என்றால் அதற்காகக் காத்திருப்பதா? கேப் இறங்கும் என்று எல்லோரும் சொன்னாலும் அது மூன்று மாதத்துக்குத்தான். குளிர்காலம் வருவதற்கு முன்னால், குழந்தைகளோ வயதானவர்களோ இருக்கும் வீடு என்றால், நான் சில பவுண்டைப் பார்க்காமல் விலையை நிலையாக்கிக்கொள் என்றுதான் சொல்வேன். சில மாதத்தில் வீடு மாறப் போகிறவர்கள் மட்டும் எக்ஸிட் ஃபீ இல்லாத டீலாகப் பார்த்து எடுங்கள்.

படி 5: கிளிக் செய்வதற்கு முன்

ஃபிளாட்டில் இருப்பவர்கள் மீட்டர் பெட்டியைத் திறந்து, மீட்டரில் அச்சிட்டிருக்கும் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். பக்கத்து ஃபிளாட்டின் மீட்டர் உங்கள் பெயருக்கு வந்துவிட்டால் அதை அவிழ்க்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

பழைய பாக்கி 28 நாளுக்கு மேல் இருந்தால் பழைய கம்பெனி மாற்றத்தைத் தடுக்கலாம், முதலில் அந்தப் பாக்கியை முடியுங்கள். முன்கூட்டியே பணம் போட்டு ஓட்டும் ப்ரீபேமென்ட் மீட்டருக்கு இதில் தனிச் சலுகை இருக்கிறது, கரண்டுக்கு 500, கேஸுக்கு 500 பவுண்டு வரை கடன் இருந்தாலும் அதையும் கூடவே கொண்டுபோய் மாறலாம்.

வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்று பில்லில் கழிக்கும் 150 பவுண்டு சலுகை கிடைக்கும் குடும்பம் என்றால் ஒரு விஷயம். அது ஒரு குறிப்பிட்ட தேதியில் நீங்கள் எந்தக் கம்பெனியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, கடந்த சில ஆண்டுகளில் அந்தத் தேதி ஆகஸ்டில் வந்திருக்கிறது. எல்லாக் கம்பெனியும் அந்தத் திட்டத்தில் இல்லை, போகிற இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

படி 6: மாறும் நாளும் அதற்குப் பிறகும்

வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள், குழாயும் வயரும் அதேதான், ஒரு நிமிஷம்கூடக் கரண்ட் போகாது. மாறும் நாளில் இரண்டு மீட்டரையும் போட்டோ எடுத்துவையுங்கள், ஸ்மார்ட் மீட்டர் இருந்தாலும்கூட. பழைய வகை ஸ்மார்ட் மீட்டர்கள் சில நேரம் கம்பெனி மாறியதும் தானாக ரீடிங் அனுப்புவதை நிறுத்திவிடும். புதிய கம்பெனி கேட்கும்போது அந்த போட்டோவில் இருக்கும் எண்ணைக் கொடுங்கள்.

பழைய கம்பெனிக்கு வங்கியிலிருந்து தானாகப் பணம் போகும் டைரக்ட் டெபிட்டை உடனே ரத்து செய்யாதீர்கள். இறுதி பில் 6 வாரத்துக்குள் வர வேண்டும், உங்கள் பணம் மீதி இருந்தால் பில் வந்த 10 வேலை நாளுக்குள் திரும்ப வர வேண்டும். கோடை முழுக்கக் கட்டிவிட்டு இலையுதிர்காலத்தில் மாறுபவர்களுக்கு நல்ல தொகையே வரும். மார்ச், ஏப்ரலில் மாறுபவர்கள் இதற்கு நேர்மாறாக, குளிர்காலத்துக் கணக்கை மொத்தமாகக் கட்டத் தயாராக இருங்கள்.

பில்லில் கடைசி ரீடிங் தப்பாக இருந்தாலோ எக்ஸிட் ஃபீ போட்டிருந்தாலோ போட்டோவோடு எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரத்தில் தீரவில்லை என்றால் இந்தப் புகார்களைத் தீர்த்துவைக்கும் எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.