முன்பணம் மீன்பாடு ஆகாது: தொற்றுக்கால மென்பொருள் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனிலும் மண்டபத்திலும் மீன் வியாபாரி படகுக்காரருக்கு முன்பணம் கொடுப்பது பழைய வழக்கம். அந்தப் பணத்தை வாங்கிய அன்றே ‘இன்று இவ்வளவு மீன்பாடு’ என்று எந்தப் படகுக்காரரும் சொல்வதில்லை. படகு கடலுக்குப் போய், மீன் கரைக்கு வந்து, எடை போட்டுக் கொடுத்த பிறகுதான் அது கழியும். அதுவரை அது கடன். மென்பொருள் நிறுவனங்களின் வருவாய்க் கணக்கும் இந்த அறிவின் மேல்தான் நிற்கிறது. ஆனால் 2020ஆம் ஆண்டின் நெருக்கடியில், படித்துப் பட்டம் பெற்றவர்கள் எழுதிய கணக்குகளிலேயே இது பல இடங்களில் தவறிப்போனது.

பேசுவதற்கு வசதியாக, ராமநாதபுரத்தில் இருபது பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ராமேசுவரத்து விடுதிகளுக்கு அறை முன்பதிவு மென்பொருளைச் சந்தா முறையில் தருகிறது. மண்டபம் பக்கத்து ஐஸ் ஆலைகளுக்கு பில் போடும் மென்பொருளை உரிமத்துடன் விற்கிறது. இறால் ஏற்றுமதியாளர் ஒருவருக்காகத் தனியாக ஒரு மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. நிதியாண்டு முடிய அப்போது ஒரு வாரம்தான் மிச்சமிருந்தது.

அந்த ஒரு வாரத்தில் செய்யத் தோன்றும் முதல் தவறு, கணக்கியல் கொள்கையையே மாற்றுவது. வேலை நடந்த அளவுக்கு வருவாய் எழுதிவந்த நிறுவனம், ‘இந்த ஆண்டு நிலைமை சரியில்லை, வேலை முழுவதும் முடிந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்’ என்று முறை மாறுவதும், அதற்கு நேர்மாறாக மாறுவதும் ஒரே வகைப் பிழைதான். சட்டமோ கணக்கியல் தரநிலையோ கேட்டால் மாற்றலாம், அல்லது புதிய முறை நிறுவனத்தின் நிலையை மேலும் பொருத்தமாகக் காட்டும் என்றால் மாற்றலாம். அப்போதும் அதன் விளைவை ரூபாய்க் கணக்கில் வெளியிட வேண்டும். நோய் வந்தது இந்தக் காரணங்களில் எதிலும் அடங்காது. நோய் மாற்றுவது மதிப்பீடுகளை: எவ்வளவு பணம் வரும், எவ்வளவு வேலை பாக்கி, எவ்வளவு செலவாகும் என்பவற்றை. கொள்கை அப்படியே இருக்க, மதிப்பீடு மட்டும் மாறுவதுதான் முறை.

எந்தத் தரநிலை பொருந்தும் என்பதிலும் குழப்பம் உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கும், 250 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள நிறுவனங்களுக்கும் இண்ட் ஏஎஸ் 115 என்ற வருவாய்த் தரநிலை பொருந்தும். அது 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் கற்பனை நிறுவனத்துக்கு வருவாய் பற்றிய பழைய தரநிலையான ஏஎஸ் 9தான். ஆயினும் ஒப்பந்தம் பாதியில் மாறினால் என்ன செய்வது என்று ஏஎஸ் 9 விரிவாகச் சொல்வதில்லை. அந்த இடங்களில் இண்ட் ஏஎஸ் 115 காட்டும் தர்க்கத்தைப் பின்பற்றுவதே பாதுகாப்பானது என்பது என் கருத்து. இந்தக் கட்டுரையும் அந்த வழியில்தான் போகிறது.

சந்தாவை எடுத்துக்கொள்வோம். ஒரு விடுதி 2020 ஜனவரி 1 முதல் ஓராண்டுக்கு 36,000 ரூபாயை மொத்தமாகச் செலுத்திவிட்டது. மார்ச் 31 அன்று மூன்று மாதச் சேவைக்குரிய 9,000 ரூபாய் வருவாய். மீதி 27,000 ரூபாய் முன்கூட்டிப் பெற்ற வருமானம், அதாவது நிறுவனம் இன்னும் தீர்க்க வேண்டிய பொறுப்பு. ‘பணம்தான் வந்துவிட்டதே, திருப்பிக் கேட்கப் போவதுமில்லை’ என்று 36,000 ரூபாயையும் அந்த ஆண்டிலேயே வருவாயாக எழுதுவது முன்பணத்தை மீன்பாடு என்று சொல்வதற்குச் சமம். பெரிய கோயில்கள் பக்தர்களுக்கு மூடப்பட்டு, செப்டம்பர் 1 வரை திறக்காத அந்த மாதங்களில் விடுதிகளில் அறைகள் காலியாகக் கிடந்தன. அப்போது எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்க இடமுண்டு. விடுதிக்காரர் மென்பொருளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, ஆகவே வருவாய் எழுதக்கூடாது என்று நிறுத்திவிடுவது. சேவையகம் ஓடிக்கொண்டிருந்து, விடுதி எப்போது வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம் என்ற நிலை இருந்தால், நிறுவனம் தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. வருவாய் மாதம் 3,000 ரூபாய் வீதம் தொடரும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டு சேவையையே நிறுத்தி வைத்தால்தான் வருவாயும் நிற்கும்.

சிக்கல் வருவது பேச்சு வார்த்தையில். ஜூன் மாதக் கடைசியில் விடுதிக்காரர் தொலைபேசியில், ‘தம்பி, ஊரடங்குல சும்மா கிடந்துச்சு, ஆறு மாசம் கூட்டிக் குடுத்துருங்க’ என்கிறார். நிறுவனத்தாரும் ‘சரிண்ணே’ என்கிறார். இந்த ஒரு ‘சரிண்ணே’ ஒப்பந்தத்தை மாற்றிவிட்டது. மாற்றம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரு தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்துமானால் வாய்மொழி மாற்றமும் செல்லும். ஆகவே, காகிதம் இல்லை என்று அதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது தவறு. அந்த மாற்றத்தை ஏப்ரல் 1க்கு முன்தேதியிட்டு எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. ஜூன் 30 வரை ஆறு மாதத்துக்கு 18,000 ரூபாய் ஏற்கெனவே வருவாயாகிவிட்டது, அதைத் தொடக்கூடாது. மீதியுள்ள 18,000 ரூபாய், பாக்கியிருந்த ஆறு மாதமும் கூட்டிக் கொடுத்த ஆறு மாதமும் சேர்ந்த பன்னிரண்டு மாதங்களுக்குப் பரவி, ஜூலை முதல் மாதம் 1,500 ரூபாயாக வரும். அந்தப் பேச்சை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது அன்றே அனுப்பி, பதிலையும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. மார்ச் மாதம் தணிக்கைக்கு உட்காரும்போது ‘அண்ணன் அப்படிச் சொன்னார்’ என்பதைச் சான்றாகக் காட்ட முடியாது.

அடுத்தது நிலுவை. மிக அதிகமான குழப்பம் இங்கேதான், ஏனென்றால் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ‘பணம் வரவில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்படுகின்றன. செய்து முடித்த வேலைக்குப் பில் போட்டாகிவிட்டது, வாங்கியவர் கொடுக்க முடியாமல் தவிக்கிறார் என்றால், வருவாய் வருவாய்தான். வராமல் போகக்கூடிய தொகைக்கு ஐயக்கடன் ஒதுக்கு செய்து செலவுப் பக்கம் காட்ட வேண்டும். விற்ற பிறகு தோன்றிய சந்தேகத்துக்காக வருவாயையே அழித்து எழுதக்கூடாது என்பதில் ஏஎஸ் 9உம் தெளிவாக இருக்கிறது. இரண்டாவது, அவரால் கொடுக்க முடியும், ஆனாலும் உறவு கெடக்கூடாது என்று நிறுவனமே விலையைக் குறைக்கிறது என்றால், அது வாராக்கடன் அன்று, விலைச் சலுகை. வருவாயிலேயே கழிய வேண்டும். மூன்றாவது, இனி வரும் மாதங்களின் சேவைக்கு அவர் பணம் தருவார் என்ற நம்பிக்கையே போய்விட்டது என்றால், அந்த மாதங்களுக்கு வருவாய் எழுதுவதை நிறுத்திவைத்து, திருப்பித் தர வேண்டாத பணமாகக் கைக்கு வரும்போது பார்த்துக்கொள்ள வேண்டும். சலுகையை வாராக்கடன் என்று எழுதினால் விற்பனை பெரிதாகத் தெரியும். வாராக்கடனைச் சலுகை என்று எழுதினால் கடன் வசூலின் பலவீனம் மறைந்துவிடும். இரண்டையும் வேண்டுமென்றே செய்பவர்களும் இருக்கிறார்கள்.

ஒதுக்கு எவ்வளவு என்பதில், எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே சதவீதம் போடுவது சோம்பேறித்தனமான தவறு. இந்தக் கரையிலேயே பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலம், 2020இல் மே 31 வரை என 47 நாளாகக் குறைக்கப்பட்டது. படகு கடலுக்குப் போனால் ஐஸ் விற்கும், ஐஸ் விற்றால் ஆலைக்காரர் கையில் காசு புரளும். விடுதிக்காரருக்கோ கோயில் திறக்கும் வரை விடிவில்லை. ஐஸ் ஆலையின் அறுபது நாள் நிலுவையும் விடுதியின் அறுபது நாள் நிலுவையும் ஒரே ஆபத்து உடையவை அல்ல. இன்னொன்று, தடைக்காலத்தில் பணம் தாமதமாவது ஐஸ் ஆலைகளுக்கு ஆண்டுதோறும் உள்ளது. அதைத் தொற்றின் கணக்கில் சேர்த்துப் பெரிய ஒதுக்கு செய்வதும் பிழைதான். வாடிக்கையாளர்களைத் தொழில்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் பழைய வசூலையும் இப்போதைய நிலையையும் வைத்துத் தனித்தனியாக மதிப்பிட வேண்டும்.

இறால் ஏற்றுமதியாளரின் மென்பொருளுக்கு வருவோம். ஒப்பந்த விலை 10 லட்சம், மதிப்பிட்ட மொத்தச் செலவு 6 லட்சம், இதுவரை ஆனது 3 லட்சத்து 60 ஆயிரம் என்றால் வேலை 60 சதவீதம் முடிந்தது, வருவாய் 6 லட்சம். ஊரடங்கில் மடிக்கணினி வீடு போய்ச் சேராமல், இணையமும் இல்லாமல் சும்மா இருந்த ஊழியர்களுக்கு 60,000 ரூபாய் சம்பளம் கொடுத்தார்கள். அதையும் இந்த வேலையின் செலவில் சேர்த்தால் 4 லட்சத்து 20 ஆயிரம் ஆகி, வேலை 70 சதவீதம் முடிந்ததாகக் காட்டும். ஒரு வரிகூட எழுதாமல் வருவாய் ஒரு லட்சம் கூடிவிட்டது! வேலையை முன்னேற்றாத செலவு முன்னேற்றத்தை அளக்கப் பயன்படாது. அந்தச் சம்பளம் நேராக அந்தக் காலத்தின் செலவு. அதற்கு மாறாக, வீட்டிலிருந்து வேலை செய்வதால் உண்மையிலேயே கூடுதல் நாள் பிடிக்கும், மொத்தச் செலவு 7 லட்சத்து 20 ஆயிரம் ஆகும் என்று தெரிந்தால், முடிந்தது 50 சதவீதமாக இறங்கி வருவாய் 5 லட்சமாகக் குறையும். அதை எழுதத்தான் வேண்டும். மொத்தச் செலவு விலையையே தாண்டும் நிலை வந்தால், எதிர்பார்க்கும் நட்டம் முழுவதையும் உடனே காட்ட வேண்டும்.

உரிம விற்பனையில் மார்ச் கடைசி வாரம்தான் கண்ணி. பில் மார்ச் 28 தேதியிட்டது. ஆனால் மென்பொருளைத் திறக்கும் சாவி கூரியரில் சிக்கியது, அல்லது நிறுவிக் கொடுக்க வேண்டிய பொறியாளர் மண்டபத்துக்குப் போக வழியில்லை. வாங்கியவர் பயன்படுத்தத் தொடங்க இயலாத உரிமத்துக்கு அந்த ஆண்டில் வருவாய் இல்லை, பில் எந்தத் தேதியில் இருந்தாலும்.

இருப்புநிலைக் குறிப்புத் தேதிக்குப் பின் நடந்தவற்றைக் கையாள்வதிலும் இதே கவனம் தேவை. மார்ச் 31 அன்று தொற்றும் ஊரடங்கும் ஏற்கெனவே இருந்தன. ஆகவே ‘இது அடுத்த ஆண்டுப் பிரச்சினை’ என்று ஒதுக்கிவைக்க முடியாது. மே மாதம் ஒரு வாடிக்கையாளர் கடையை நிரந்தரமாக மூடினால், அவருடைய மார்ச் நிலுவை எந்த நிலையில் இருந்தது என்பதற்கு அது சான்றாகலாம். ஜூன் மாதத்தில் புதிதாகப் பேசி முடித்த கால நீட்டிப்பு அப்படி அன்று. அது ஜூன் மாதத்து நிகழ்வு.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: ஜிஎஸ்டி கட்டிய தேதியை வருவாயின் தேதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சேவைக்கு முன்பணம் வாங்கினாலே வரி வந்துவிடும். அந்த 36,000 ரூபாய்க்கு 18 சதவீதமான 6,480 ரூபாயை ஜனவரியிலேயே கணக்கிட வேண்டும், வருவாய் மாதாமாதம் வந்தாலும். பணம் வராமல் போனதற்காகக் கட்டிய ஜிஎஸ்டி திரும்பி வராது என்பதால், ஒதுக்கு கணக்கிடும்போது வரியையும் சேர்த்த நிலுவையைப் பார்க்க வேண்டும். வருமான வரியிலோ, ஐயக்கடன் ஒதுக்கு வருமானத்திலிருந்து கழிக்கும் செலவு ஆகாது. வாராக்கடன் என்று ஏடுகளில் தள்ளுபடி செய்தால்தான் ஆகும்.

கடைசியில் கணக்குக் குறிப்புகள். ‘கொரோனாவின் தாக்கத்தை நிர்வாகம் பரிசீலித்தது, குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை’ என்ற ஒரே வாக்கியம் அந்த ஆண்டு எத்தனையோ அறிக்கைகளில் வார்த்தை பிசகாமல் வந்தது. பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி 2020 மே 20 அன்று பட்டியலிட்ட நிறுவனங்களிடம் தாக்கத்தை விவரமாக வெளியிடச் சொன்னது. நம் சிறு நிறுவனத்துக்கு அது பொருந்தாவிட்டாலும், வங்கிக்காரர் படிக்கப்போவது இந்தக் குறிப்பைத்தான். எத்தனை விடுதிகளுக்குச் சந்தாக் காலம் நீட்டப்பட்டது, அதனால் வரும் ஆண்டின் மாத வருவாய் எவ்வளவு குறைகிறது, விடுதி நிலுவைக்கும் ஐஸ் ஆலை நிலுவைக்கும் தனித்தனியே எவ்வளவு ஒதுக்கப்பட்டது, கோயில் எந்த மாதம் திறக்கும் என்று வைத்து அந்தத் தொகை கணக்கிடப்பட்டது, அந்த மாதம் தள்ளிப்போனால் எவ்வளவு கூடும்: இந்த ஐந்தும் இருந்தால் குறிப்பு அரைப் பக்கத்தைத் தாண்டாது.